அம்பலவாணனுக்கு ஒரு கோட்டு

இனிமேல் தன் முடிவைத் தானே எடுப்பது என்று அம்பலவாணன் முடிவெடுத்தார். அதற்கு மனைவி சிவகாமசுந்தரியின் சம்மதமும் கிடைத்தால் நல்லது என்று நினைத்தார்.

முடிவு ஒரு கோட்டைப் பற்றியது.

அறுபதுகளின் தொடக்கம் அது. அம்பலவாணனுக்குத் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவுக் கண்காணிப்பு வேலை. ஊர் பாயை விரிக்கும்போது இவர் சைக்கிளை எடுப்பார். ஊர் பல் தேய்க்கும்போது வீடு திரும்புவார். பகலில் சிங்கப்பூர் எப்படி இருக்கும் என்பது அவருக்குப் பிறர் சொல்லிக் கேட்ட செய்தி. டன்லப் ஸ்திரீட் மாடி அறையில் ஒரே ஒரு கட்டில். இரவில் சிவகாமிக்கு, பகலில் இவருக்கு. மகளுக்குத் தரையில் பாய். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கட்டிலின் சூடு ஆறியதில்லை. தம்பதி இருவரும் அதில் சந்தித்துக்கொண்டதுதான் குறைவு.

ஆனாலும் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். காலையில் அவர் வந்து உட்கார்ந்ததும் கோப்பியைக் கையில் கொடுத்துவிட்டு சிவகாமி ஒவ்வொன்றாகக் கேட்பாள். கண் செருகியபடியே அம்பலவாணன் "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் காரியம் நடக்கும். "என்னைக் கேட்காம என் வீட்டில ஒரு டம்ளர்கூட நகராதுலா" என்று கிடங்கில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்.

இப்படி இருந்த மனிதருக்கு ஒரு நல்ல காலம் வந்தது. புது மேனேஜர் பகல் மேற்பார்வைக்கு ஆள் எடுக்கப் போகிறார். கப்பல் கேப்டன்களோடும் ஏஜெண்டுகளோடும் நின்று பேசுகிற வேலை. பழைய ஆட்களைக் கூப்பிட்டு நேரில் பார்ப்பாராம். "ஆள் பார்க்க நிமிர்ந்து இருக்க வேண்டும்" என்று மேனேஜர் சொன்னதாகப் பேச்சு அடிபட்டது.

அங்கேதான் சிக்கல். அம்பலவாணன் நிமிர்ந்தாலும் அஞ்சடிதான். கடைவாசல் நடைபாதையை ஊரில் அஞ்சடி என்பார்கள். "அஞ்சடியில ஒரு அஞ்சடி நிக்குது பாரு" என்று தெருவில் கேலி பேசுவது அவர் காதில் விழுந்தே இருந்தது. உயரத்தில் கொடுக்க மறந்ததைக் கடவுள் அகலத்தில் கொடுத்து நேர்செய்திருந்தார்.

அந்த வேலை கிடைத்தால் பகல் கிடைக்கும். வெயிலில் நடக்கலாம். மனைவி விழித்திருக்கும்போது தானும் விழித்திருக்கலாம். கிடைக்காவிட்டால், ஓய்வு பெறும்வரை அரிசி மூட்டைகளோடு குடித்தனம். இதை ஒரு காலை கோப்பியோடு சிவகாமியிடம் சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார்.

சில நாள் கழித்து, கூட வேலை பார்க்கும் ரவூப் ஒரு கோட்டோடு கிடங்குக்கு வந்தான். மச்சான் நிக்காவிலிருந்து நேரே வந்திருந்தான். பெரிய பெரிய கட்டம் போட்ட துணி. இரட்டை வரிசைப் பொத்தான். தோளில் பஞ்சு. அடியில் அகலமாக மடித்த கால்சட்டை, ஊர் வழக்கில் சிலுவார். அம்பலவாணன் அப்படியே நின்றுவிட்டார்.

"ரவூப், கப்பல் முதலாளி மாதிரி இருக்கேடா!"

"நீங்களும் ஒண்ணு தைச்சுக்குங்கண்ணே. இன்டர்வியூவுக்குப் போட்டுப் போனா மேனேஜரே எந்திரிச்சு நிப்பாரு."

ரவூப் ஆறடிக்கு மேல் என்பது அந்த நேரத்தில் அம்பலவாணனுக்கு உறைக்கவில்லை. மறுநாள் மாலை, நன்றாக விழித்திருந்த நேரமாகப் பார்த்துப் பேச்சை எடுத்தார்.

"சிவகாமி, நான் கோட்டு தைக்கப் போறேன்."

"தைங்க."

"கட்டம் போட்டது. ரவூப் போட்டுட்டு வந்தான், அதே மாதிரி பெரிய கட்டம்."

"ரவூப் அண்ணன் தென்னை மரம். கட்டம் ஏறி இறங்க இடம் இருக்கு. உங்க மேல போட்டா மொத்தம் ரெண்டு கட்டம்தான் பிடிக்கும்."

"இரட்டை வரிசைப் பொத்தான்."

"ஒத்தை வரிசைக்கே மூச்சு வாங்கும். இதுல ரெண்டாவது வரிசை எங்கே போய் நிக்கும், முதுகிலயா?"

"சிலுவார் அடியில மடிப்பு."

"இருக்கிறதே கொஞ்சம் காலு. அதையும் மடிச்சுட்டா மிச்சம் என்னங்க இருக்கும்?"

"தோள்ல பஞ்சு!"

"தலகாணிக்கு உறை தைக்கிறேன்னு நேரா சொல்லிட்டுப் போங்களேன்."

அம்பலவாணன் எழுந்து நின்றார். பார்வைக்குப் பெரிய மாற்றம் தெரியவில்லை. அவர் உட்கார்ந்திருந்தபோதும் ஏறத்தாழ அதே உயரம்தான்.

"ஆம்பளை உடுப்பைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"தினம் சாயங்காலம் கீழே அஞ்சடியில நானும் பக்கத்து வீட்டு ரத்தினம்மாக்காவும் உக்காந்து போற வர்ற ஆம்பளைங்களைத்தான் பாக்குறோம். எவன் எதைப் போட்டா வளர்றான், எவன் எதைப் போட்டா அமுங்கிப் போறான்னு எங்களுக்குத் தெரியும். நீங்க ராத்திரி பூரா அரிசி மூட்டையைப் பாக்குறீங்க. மூட்டைக்கு எந்த உடுப்பும் ஒண்ணுதான்."

"இது என் முடிவு. நானே முகைதீன் பாய் கடைக்குப் போறேன். நானே சொல்றேன். நானே அளவு கொடுக்கிறேன்."

"சரிங்க" என்றாள் சிவகாமசுந்தரி.

இந்த "சரிங்க" வந்தபோதெல்லாம் தான் ஜெயித்ததாகத்தான் அம்பலவாணன் நினைத்து வந்திருக்கிறார்.

மறுநாள் காலை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே பஃபலோ ரோட்டுக்கு சைக்கிளை விட்டார். தேக்கா சந்தையில் மீன்கூடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. தையல்கடை திறக்கவில்லை. முகைதீன் பாய் மெல்ல வந்து மெல்லத் திறப்பவர். வாசலில் பெஞ்சு இருந்தது. அம்பலவாணன் உட்கார்ந்தார். கட்டம், இரட்டை வரிசை, மடிப்பு, பஞ்சு என்று மனப்பாடம் செய்தார். கட்டம், இரட்டை வரிசை, மடிப்பு. கட்டம், இரட்டை. கட்டம்.

கண் விழித்தபோது வீட்டுக் கட்டிலில் இருந்தார். ஜன்னலில் சாயங்கால வெயில்.

"நான் எப்படி இங்கே வந்தேன்?"

"டிரைஷாவில ஏத்திக் கூட்டிட்டு வந்தேன். பாய் ஆள் விட்டுச் சொன்னாரு."

"கட்டம்னு சொன்னேனா?"

"பாய் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னீங்க. ஒண்ணுகூட விடலை."

அம்பலவாணனுக்குத் திருப்தி. தூக்கத்திலும் கடமை தவறாத மனிதன்தான் தான் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

இன்டர்வியூ அன்று காலை கோட்டு வந்தது. பொட்டலத்தைப் பிரித்தவர் துணியைப் புரட்டினார், திருப்பினார், உள்பக்கத்தையும் பார்த்தார். கருநீலம். அதில் தலைமுடி கனத்துக்கு மேலிருந்து கீழே ஓடும் வெளிர் கோடுகள். ஒற்றை வரிசையில் இரண்டே பொத்தான். தோளில் பஞ்சு இல்லை. சிலுவார் அடியில் மடிப்பு இல்லை.

"எங்கேடி என் கட்டம்?"

"நீங்கதானே வேணாம்னீங்க."

"நானா?"

"பாய் கேட்டாரு, ‘கட்டத்தை விட்டுட்டு கோடு போட்டதா எடுத்துக்குவோமாண்ணே?’ன்னு. நீங்க ‘ம்’னீங்க. ‘ஒத்தை வரிசை போதுமா?’ ‘ம்.’ ‘மடிப்பு வேணாமே?’ ‘ம்.’ கடையில அத்தனை பேரும் கேட்டாங்க. இப்ப வந்து என்னைக் கேட்டா?"

"அது தூக்கம்டி!"

"எனக்கெப்படிங்க தெரியும்? நீங்க எப்பவும் சொல்ற மாதிரிதானே சொன்னீங்க."

அம்பலவாணன் இடிந்துபோய் உட்கார்ந்தார். வேறு கோட்டு இல்லை, வேறு நாளும் இல்லை. பகல் கையைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தார். முகத்தைப் பார்த்த சிவகாமி பேச்சை நிறுத்திவிட்டு அவரை உடுத்திவிட ஆரம்பித்தாள். தொப்பைக்குக் கீழே இழுத்துக் கட்டப் போன சிலுவாரைத் தொப்புள்வரை ஏற்றினாள்.

"கால் எங்கே தொடங்குதுன்னு நீங்க ஏன் ஊருக்குச் சொல்றீங்க? இங்கேதான் தொடங்குதுன்னு நினைச்சுக்கட்டுமே."

டையின் நுனி பெல்ட்டோடு நின்றது. கோட்டுக்கையின் அடியில் சட்டை விரல் அகலத்துக்கு எட்டிப் பார்த்தது. காலில் மாட்டப் பழுப்புச் சப்பாத்தை எடுத்த கையில் ஒரு தட்டு தட்டிக் கறுப்பைக் கொடுத்தாள்.

"மேலேயிருந்து கீழேவரை ஒரே நிறமா போகணும். பாக்குறவன் கண்ணு வழியில எங்கேயும் நிக்கக் கூடாது. கட்டம்னா ஒவ்வொரு கட்டத்திலும் நின்னு நின்னு பக்கவாட்டில திரும்பிடும். உங்ககிட்ட பக்கவாட்டில பாக்க நிறைய இருக்குங்க."

ரத்தினம்மா வீட்டு அலமாரியில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள். கண்ணாடியில் ஓர் ஆள் நின்றான். குட்டை என்று சொல்ல முடியாது. தடிமன் என்றும் சொல்ல முடியாது. யாரோ பின்னால் வந்து நிற்கிறார்கள் என்று வழிவிட, அம்பலவாணன் சற்று ஒதுங்கினார். அந்த ஆளும் ஒதுங்கினான்.

மேனேஜர் எழுந்து கை கொடுத்தார். கிடங்கைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் அம்பலவாணன் பதில் சொன்னார். எந்த மூட்டை எந்த மழையில் நனையும் என்பதுவரை அவருக்குத் தெரியும். இந்த முறை எல்லாவற்றையும் விழித்துக்கொண்டே சொன்னார். கடைசியில் மேனேஜர், "இப்படி ஒருத்தரை ஏன் ராத்திரியிலேயே ஒளித்து வைத்திருந்தார்கள்?" என்று ஆங்கிலத்தில் வியந்தார். வேலை கிடைத்துவிட்டது.

திரும்பும் வழியில் நன்றி சொல்ல முகைதீன் பாய் கடையில் இறங்கினார். கடையைத் திறந்த நிலையில் அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பாய், என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க. பெஞ்சில தூங்கினவனுக்கு இவ்வளவு கச்சிதமா எப்படி அளவெடுத்தீங்க?"

முகைதீன் பாய் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நான் எங்கேண்ணே எடுத்தேன்? தங்கச்சிதான் எடுத்துட்டு வந்துச்சு. நீங்க வீட்டில தூங்கும்போது நூல் பிடிச்சு அளந்திருக்கு. படுத்த ஆள் கொஞ்சம் நீளமா இருப்பாருன்னு நான்தான் சிலுவாரில ஒரு விரல் நீளம் குறைச்சேன்."

"எப்போ?"

"உங்களை இன்டர்வியூவுக்குக் கூப்பிடப் போறாங்கன்னு தெரிஞ்ச அன்னிக்கே. துணியும் அது எடுத்ததுதான். நீங்க கட்டம் வேணும்னு இங்கே வந்து உக்காந்த அன்னிக்குக் கோட்டு பாதி தைச்சாச்சுண்ணே."

"அப்புறம் என்னை எதுக்கு ‘ம்’ போட வச்சீங்க?"

"தங்கச்சிதான் சொல்லிச்சு. ‘அவரைக் கேக்காம எதுவும் செஞ்சு பழக்கமில்லை பாய், ஒரு வார்த்தை கேட்டுடுங்க’ன்னு."

அம்பலவாணன் விர்ரென்று கிளம்பினார். வீட்டுக்குப் போய் ஒரு வழி பண்ணிவிடுவது என்று நடந்தார். சிராங்கூன் ரோட்டில் நல்ல வெயில். பூக்கடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர் மகள் சந்திரமதியும் இப்படித்தான் வருவாள். ஆறாவதோடு நிறுத்திவிடலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு எப்படியோ அவளைப் படிக்கவைக்கும் முடிவை எடுத்தார். எப்போது எடுத்தார்? நடை குறைந்தது.

சுவா சூ காங்கில் ஒருவன் கோழிப்பண்ணைக்குப் பங்கு சேர்த்தானே, வெள்ளத்தில் மொத்தமும் போயிற்றே, அதில் சேர வேண்டாம் என்று துணிந்து முடிவெடுத்தது? எலி ஓடிய பழைய அறையை விட்டு இந்த அறைக்கு வந்தது? கிடங்கில் அவர் மார்தட்டிச் சொன்னவை அத்தனையும், நினைவுக்கு எட்டியவரை, கோப்பிக் கோப்பையோடுதான் தொடங்கின. அவருடைய வாழ்க்கையின் நல்ல முடிவுகளையெல்லாம் அவர் தூங்கும்போதுதான் எடுத்திருக்கிறார். விழித்திருந்து எடுத்தது ஒன்றே ஒன்று. அது கட்டம் போட்ட கோட்டு.

இத்தனை வருஷம் அவள் பகல் முழுக்கத் தனியாக யோசித்திருக்கிறாள். யோசித்து முடித்ததைக் காலையில் அவர் முன்னால் கொண்டுவந்து வைத்து, ஒரு வார்த்தைக்காகக் காத்து நின்றிருக்கிறாள். அவளுக்குக் கிடைத்த புருஷன் அந்த ஒரு "ம்" மட்டும்தான். அதையும் விட்டுவிடாமல் வாங்கிக்கொண்டு, அவரையே வீட்டுக்குப் பெரியவர் ஆக்கி வைத்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தவர் கையில் சரம் மல்லிகை இருந்தது.

"வேலை கிடைச்சிடுச்சா?" சிவகாமி அவர் முகத்தையே பார்த்தாள்.

"கிடைச்சிடுச்சு. எனக்கு இல்லை, உனக்கு. நாளையிலிருந்து நான் போய்ப் பாத்துக்கிறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோட்டைக் கழட்டுங்க, கசங்குது" என்றாள்.

பகல் வேலைக்குப் போன பிறகு வந்த முதல் ஞாயிறு. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சிவகாமி கட்டிலில் சாய்ந்தாள். பகலில் அந்தக் கட்டில் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. படுத்ததும் தூங்கிப்போனாள். அம்பலவாணன் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். விசிறும்போது ஓர் எண்ணம் வந்தது. நன்றி வேறு, நியாயம் வேறு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் வழியிலேயே போய்ப் பார்த்தால் என்ன? குனிந்து காதருகே கேட்டார்.

"சிவகாமி... தீபாவளிக்கு இன்னொரு கோட்டு தைச்சுக்கவா? கட்டம் போட்டது?"

மூச்சு சீராக வந்தது. கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"கட்டம் வேணாம். கோடுதான். சாம்பல் நிறத்தில துணி எடுத்தாச்சு, பாய் கடையில இருக்கு."

அம்பலவாணன், நன்றாக விழித்திருந்தவாறே, "ம்" என்றார்.