மிச்சம் ஒரு குண்டு

இனி நம் வீட்டுச் சைக்கிளை நானே பழுதுபார்ப்பேன். ஹனோயில், குடியிருப்பின் மூன்றாவது மாடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி லுவாவிடம் இப்படி அறிவித்தேன். குளியலறையில் நாங்கள் வளர்க்கும் பன்றிக்குட்டியும் கேட்டது. உடனே கருத்துச் சொன்னது அது மட்டும்தான்.

லுவா ரேஷன் அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"யாரு, நீங்களா?"

"நானேதான்."

"போன மாசம் சுவத்துல ஆணி அடிக்கக் கீழ்வீட்டு அண்ணனைக் கூப்பிட்டீங்க."

"அது சுவத்தோட கோளாறு."

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். பதினைந்து வருஷம் அடுத்தவன் பிழையையே பார்த்ததில், என் கையால் எதுவும் உருப்படியாக நடக்காது என்று எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. சைக்கிள் லேசாக முனகினால்கூட அந்தக் கீழ்வீட்டு அண்ணனிடம் ஓடுவேன். அவர் திருகுவார், நான் விளக்குப் பிடிப்பேன். "தம்பிக்குப் பேனா பிடிக்கிற கை" என்பார், லுவா காதில் விழும்படியாக. அவள் அந்தச் சைக்கிளில்தான் பத்து கிலோமீட்டர் மிதித்து நெசவாலைக்குப் போகிறாள். நான் பழுதுபார்த்த சைக்கிளில் அவள் ஒருநாள் பயமில்லாமல் போகவேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அந்த வருஷங்களில் உதிரிபாகம் கடையில் கிடைக்காது. வேலை பார்க்கும் இடத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். ஒருவருக்கு டயர் விழும், ஒருவருக்குச் செயின். எனக்கு மணி விழுந்தது. எங்கள் சைக்கிளில் கெடாமல் இருந்தது அது ஒன்றுதான். லுவாவுக்கு நெசவாலையில் என்ன விழுந்தது என்று கேட்டேன். வெறும் சீட்டு என்றாள்.

முதல் ஞாயிறு பெடல் அச்சைக் கழற்றினேன். உள்ளே இருந்த பால்ரஸ் குண்டுகள் சோற்றுத் தட்டுக்கு வந்தன. துடைத்தேன், கிரீஸ் தடவினேன், டீ குடித்தேன், பூட்டினேன். நிமிர்ந்தால் தட்டில் ஒரு குண்டு மிச்சம்.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"என்னைக் கேட்டா? கழட்டினது நீங்க."

"எதையாவது விட்டுட்டேனோ?"

"விட்டிருந்தா நடுப் பாலத்துல தெரிஞ்சிடும். நான்தானே போறேன்."

மறுபடி கழற்றினேன். மறுபடி பூட்டினேன். அப்போதும் அது தட்டில் உட்கார்ந்திருந்தது. "ஒண்ணுதானே, விடுங்க" என்று லுவா மறுநாள் கிளம்பிப் போனாள். எனக்கு வாரம் பூராவும் சோறு இறங்கவில்லை. மிச்சக் குண்டை ஆபீஸ் மேஜை டிராயரில் ஒளித்துவைத்தேன்.

அடுத்த ஞாயிறும் ஒன்று மிச்சம். மூன்றாவது ஞாயிறு எண்ணிக் கழற்றினேன். வெளியே வந்தது இருபத்திரண்டு. உள்ளே போனது இருபத்திரண்டு. மிச்சம் ஒன்று. இந்தக் கணக்கை யாரிடம் போய்ச் சொல்வது? முன்சக்கரத்திலிருந்து வந்ததோ என்று அதைப் பிரித்தேன். பின்சக்கரமோ என்று அதையும் பிரித்தேன். பிரேக்கில் குண்டே கிடையாது, இருந்தாலும் பிரித்துப் பார்த்தேன். ஏழாவது ஞாயிற்றுக்குள் அந்தச் சைக்கிளில் என் விரல் படாத இடம் இல்லை. சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்வேன். முனகல் நின்றுபோயிருந்தது. குண்டு மட்டும் மிச்சம் வந்துகொண்டே இருந்தது.

எட்டாவது வாரம், சனிக்கிழமை, சட்டைப் பொத்தான் தைக்க லுவாவின் ஊசி டப்பாவைத் திறந்தேன். அடியில் ஒரு காகிதப் பொட்டலம். அதனுடன் நெசவாலைச் சீட்டு: 'பால்ரஸ், 24.' எண்ணினேன். பதினேழு இருந்தது. என் டிராயரில் ஏழு.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோபம் வரவில்லை. கண்தான் கலங்கியது. உங்களால் முடியும் என்று அவள் வாயால் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவளுக்கு அது தெரிந்திருக்கிறது; அதனால்தான் வாராவாரம் தட்டில் ஒரு குண்டைப் போட்டு என்னைப் பிரிக்க வைத்திருக்கிறாள். இப்படி ஒருத்தி கிடைக்க நான் என்ன செய்தேன் என்று யோசித்தேன். ஆனாலும் புருஷன் என்று ஒரு கெத்து இருக்கிறதே. ஒரே ஒருமுறை அவள் முழிப்பதைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போலக் கழற்றினேன். வழக்கம்போல டீ குடிக்க முகத்தைத் திருப்பினேன். திரும்பியபோது தட்டில் இருபத்துமூன்று. ஒன்றைச் சட்டைப் பையில் நழுவவிட்டேன். மற்றதை உள்ளே போட்டுப் பூட்டினேன்.

"மிச்சம் எவ்வளவு?" என்றாள்.

"ஒண்ணுமே இல்ல."

அவள் முழிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். "முடிச்சிட்டாருடி, வர்றாரு" என்று கீழே குரல் கொடுத்தாள். எட்டிப் பார்த்தேன். முற்றத்தில் எட்டுச் சைக்கிள்கள், பக்கத்தில் அவளுடைய நெசவுக் குழுப் பெண்கள் எட்டுப் பேர்.

"இன்னிக்குன்னு எப்படித் தெரியும்?"

"நான் பொட்டலத்தைச் சுருட்டித்தான் வைப்பேன். நேத்து நாலு மூலையும் சேர்த்து மடிச்சிருந்துச்சு. இந்த வீட்ல வேற யாரு அப்படி மடிப்பா? உடனே சொல்லியனுப்பிட்டேன்."

"லுவா, நான் உனக்கு எப்படி நன்றி..."

"அதெல்லாம் சாயங்காலம் சொல்லிக்கலாம். ஹொய் மத்தியான ஷிப்டுக்குப் போகணும். பையில இருக்கறதையும் எடுத்துட்டுப் போங்க, யாருக்காவது குறையும்."

இறங்கினேன். முதலில் ஹொய்யின் சைக்கிள். கால் மணி நேரத்தில் அச்சைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தேன். அந்தப் பெண் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "சத்தமே இல்ல அண்ணே" என்றாள். என் வாழ்க்கையில் என் கைக்குக் கிடைத்த முதல் பாராட்டு. மனசு நிறைந்துபோய் அடுத்த சைக்கிளை இழுத்தேன்.

"அப்ப அடுத்த ஞாயிறு தையல் மிஷினை எடுத்துட்டு வர்றோம் அண்ணே" என்றாள் ஹொய். "உங்களுக்கு அது தெரியாதாம். கத்துக்க ஏழு வாரம் ஆகும்னு அக்கா சொன்னாங்க."

மேலே பார்த்தேன். லுவா ஜன்னலைச் சாத்திவிட்டிருந்தாள்.