வெறுங்காலோடு சியான் பார்த்த கதை

மூன்று மாதம் ஒரு ஊரில் இருந்துவிட்டால் அந்த ஊர் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். அவர்களில் யாராவது மாமனாரை அந்த ஊருக்கு வரவழைத்துச் சுற்றிக் காட்டப் புறப்பட்டால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கிளம்பட்டும்.

மைசூரில் நான் வேலை பார்த்த கம்பெனி, ஒரு மெஷின் விஷயமாக என்னைச் சீனாவில் உள்ள சியான் நகரத்துக்கு அனுப்பியிருந்தது. போய் மூன்று மாதம் ஆகியும் நான் அறிந்த சியான் என்பது தங்கியிருந்த ஃப்ளாட், தொழிற்சாலை, இரண்டுக்கும் நடுவில் ஒரு நூடுல்ஸ் கடை, அவ்வளவுதான். ஆனால் தினமும் வீடியோ காலில் மனைவி ரேவதியிடம் நான் அளந்தது வேறு. "கோட்டைச் சுவரா, அது நம்ம ரூமுக்குப் பின்னாடிதான். கோயில், மியூசியம் எல்லாம் எனக்கு அத்துப்படி." (மியூசியம் இருக்கும் திசையில் நான் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை.)

இந்த ஜம்பத்துக்குக் காரணம் உண்டு. அந்தப் போன் பக்கத்தில் பல நாள் என் மாமனார் உட்கார்ந்திருப்பார்.

எங்களுடையது நாங்களாகப் பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம். கொள்ளேகால் பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமனார் கல்யாணத்துக்கு வந்தார், அட்சதை போட்டார், சாப்பிட்டார், போனார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டையெல்லாம் இல்லை. மைசூரில் அக்ரஹாரம் என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாதம் ஒருமுறை வருவார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "அம்மணி, உங்க ஊட்டுக்காரரு காபி குடிச்சாச்சான்னு கேளு" என்பார். "குடிச்சாச்சுன்னு சொல்லு" என்று நான் ரேவதியிடம் சொல்வேன். அவள் அதை அவரிடம் சொல்வாள். இரண்டு அடி தூரத்துக்கு ஒரு தபால் சேவை.

எனக்கு அது உள்ளுக்குள் வலித்தது. அவர் வாயால் ஒரே ஒரு தடவை என்னை "மாப்ள" என்று கூப்பிட்டுவிட்டால் போதும் என்று இருந்தேன். அதனால்தான் ரேவதி என்னைப் பார்க்கச் சியான் வருவதாகவும், துணைக்கு அப்பாவும் அம்மாவும் வருவதாகவும் சொன்னபோது, இதைவிட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது என்று தோன்றியது. சூரன் மாதிரி ஊரைச் சுற்றிக் காட்டினால் மனிதர் எப்படிப் பேசாமல் இருப்பார்?

முதல் நாள் ஒரு பழைய பௌத்தக் கோயில். நவம்பர் மாதக் கடைசி. குளிர் எலும்பைத் தொட்டுப் பார்த்தது. வாசலில் பெரிய கல் சிங்கம் ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் கம்பீரமாகத் திரும்பி, "எல்லாரும் ஷூவைக் கழட்டிடுங்க" என்றேன்.

ரேவதி சுற்றிலும் பார்த்தாள். "ரீ, யாரும் கழட்டலையே." (மைசூர்ப் பக்கம் மனைவி கணவனைக் கூப்பிடும் "ஏங்க"தான் இந்த "ரீ".)

உண்மைதான். நூற்றுக்கணக்கான பேர் ஷூவோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கே ஒரு நிமிஷம் குழப்பமாக இருந்தது. "அவங்கெல்லாம் வெளியூர் டூரிஸ்ட்டா இருக்கும். அவங்களுக்கு என்ன தெரியும்" என்றேன். (சீனர்களைத்தான் சொன்னேன். சீனாவில்.) மைசூர்க்காரனுக்கு இதில் இரண்டாவது யோசனையே வராது. கோயில் என்றால் கழற்ற வேண்டும். எங்கள் ஊரில் அரண்மனைக்குள் போவதற்கே கழற்ற வேண்டும். சியானில் மட்டும் என்ன தனிச் சட்டம்?

மாமனார் இந்தப் பயணத்துக்கென்றே மைசூர் தேவராஜ அரசு ரோட்டுக் கடையில் ஷூ வாங்கியிருந்தார். அதைக் கழற்றியவர், "சாமி கிட்டப் போறப்ப காலுறை மட்டும் எதுக்கு, அம்மணி" என்று அதையும் உருவி ஷூவுக்குள் திணித்தார். நாங்களும் அப்படியே செய்தோம். டோக்கன் கொடுக்கும் ஆள் யாரையும் காணோம். டோக்கனே தேவைப்படாத நேர்மையான ஊர் என்று அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்து, நான்கு ஜோடியையும் சிங்கத்தின் காலடியில் வரிசையாக வைத்தேன். காவலாளி ஒருவர் ஓடிவந்து எங்கள் கால்களைக் காட்டி ஏதோ படபடவென்று சொன்னார். பாராட்டுகிறார் என்று நினைத்துக் கைகூப்பினேன்.

உள்ளே தரை ஐஸ்கட்டி. முதல் மண்டபத்தில் தொப்பையைக் காட்டிச் சிரித்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "நம்ம டிவி மேல இருக்கறவரு" என்று மாமியார் பரவசமானார். வலம் வந்தோம். பின்பக்கம் போனால், அவருக்கு முதுகோடு முதுகாகக் கவசம் போட்டுக்கொண்டு இன்னொருவர் நின்றிருந்தார்.

"அம்மணி, இதுல யாரு மூலவருன்னு கேளு" என்றார் மாமனார்.

"இது முன்மண்டபம்தான். மூலவர் உள்ளே இருக்காருன்னு சொல்லு" என்றேன்.

உள்ளே போனோம். இன்னும் பெரிய மண்டபம், மூன்று பேர் ஒரே உயரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். "மூணு பேருல எவருன்னு கேளு." இன்னும் உள்ளே என்றேன். அடுத்த மண்டபத்தில் படுத்தபடி ஒருவர். அதற்கடுத்ததில் யாருமே இல்லை, பழைய மணி ஒன்று இருந்தது. அதற்கும் பின்னால் ஒரு கோபுரம், கோபுரத்துக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிகளில் ஓலையும் பானையுமாக ஒரு மியூசியம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாமியார் ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றி, பரதநாட்டியம் ஆடுவதுபோல நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மண்டபத்திலும் நான் "இன்னும் உள்ளே" என்றேன். உள்ளே உள்ளே என்று போய், ஒரு சுழல் கதவைத் தள்ளினேன். நான்கு பேரும் வெளியே தள்ளப்பட்டோம்.

எதிரே பெரிய சாலை. பஸ்கள். கடைகள். சிங்கத்தைக் காணோம்.

அந்த ஊர்க் கோயிலில் தெற்கு வாசலில் நுழைந்தால் வடக்கு வாசலில்தான் வெளியேற வேண்டும், ஒருவழிப் பாதை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம் கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டினார். என் காலைப் பார்த்தார். மறுபடி தலையை ஆட்டினார்.

"சூப்பர் ரீ" என்றாள் ரேவதி. அவள் அதற்கு மேல் எதுவும் சொல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாமியாரால் ஓர் அடிகூட நடக்க முடியவில்லை. அவரையும் ரேவதியையும் பஸ் ஸ்டாப்பில் உட்கார வைத்துவிட்டு, நான் மட்டும் மதிலைச் சுற்றிப் போய் ஷூக்களை எடுத்துவருவதாகக் கிளம்பினேன். சிறிது தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், பின்னால் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தார்.

மதில் முடிகிற வழியாக இல்லை. இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேசுவதற்கு நடுவில் ஆள் இல்லையே. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்கள். ஒருவழியாகச் சிங்கம் தெரிந்தது. அதன் காலடியில் ஒன்றும் இல்லை. துடைத்து வைத்ததுபோல இருந்தது.

நான் திருதிருவென்று விழித்தேன். மாமனார் சிங்கத்தைப் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். ரேவதியைத் தேடுகிறார் என்பது புரிந்தது. அவள் கோயிலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். கடைசியில் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, செருப்பெல்லாம் எங்கீங்க?"

இரண்டு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. பதிலுக்கு நான் சொன்னது, "தெரியலீங்க மாமா."

கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் எங்கள் கோலத்தைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே ஓர் அறையைக் காட்டினார். தொலைந்த பொருள்களை வைக்கும் அறை. மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி, அவர் காலடியில் ஒரு பிளாஸ்டிக் சாக்கு. அதன் வாயில் மாமியாரின் ஷூ எட்டிப் பார்த்தது. நான் போனில் மொழிபெயர்ப்பை வைத்துப் பேசினேன். அவர் பாஸ்போர்ட் கேட்டார். பாஸ்போர்ட் எல்லாம் மாமியாரின் கைப்பையில். சரி, இவை உங்களுடையவை என்று எப்படி நம்புவது என்று கேட்டார். வெறுங்காலைத் தூக்கிக் காட்டினேன். அது அவருக்குப் போதவில்லை.

"மாப்ள, நீங்க சித்த சும்மா இருங்க" என்றார் மாமனார்.

டிப்போவில் அவர் பார்த்த வேலை என்ன என்று இரண்டு வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. பஸ்ஸில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகும் பை, குடை, டிபன் கேரியர் எல்லாவற்றையும் வாங்கி வைத்து, விசாரித்து, உரியவரிடம் ஒப்படைப்பதுதான் அவர் வேலையாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாளும் பேனாவும் கேட்டார், சைகையில். நான்கு ஜோடி ஷூ வரைந்தார். "இதுல என்ற வலது ஷூவுக்குள்ள ரெண்டு காலுறையும் இருக்கும் பாருங்க. எங்க ஊட்டம்மாளுது நாடா அந்து போயி முடிச்சுப் போட்டிருக்கும்" என்று சுத்தமான கொள்ளேகால் தமிழில் விளக்கினார். அந்தப் பெண் சீன மொழியில் ஏதோ கேட்டார். "ஆமாங்க, இடது பக்கம்" என்றார் மாமனார். அந்த அதிகாரி சாக்கிலிருந்து எடுத்துப் பார்த்தார். இடது பக்கம்தான். இதெல்லாம் எப்படி நடந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. கிளம்பும்போது இருவரும் எழுந்து நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள், ஒரே டிபார்ட்மெண்ட் ஆட்களைப் போல.

பெண்களின் ஷூக்களை ஆளுக்கொரு ஜோடி கையில் பிடித்தபடி மறுபடி மதிலைச் சுற்றி நடந்தோம். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை. "மன்னிச்சிருங்க மாமா. எனக்கு இந்த ஊரு தெரியவே தெரியாது. எல்லாம் உங்ககிட்ட நல்ல பேரு வாங்கறதுக்காகச் சொன்னது" என்றேன்.

அவர் கையிலிருந்த ஷூக்களை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "கோவமெல்லாம் கல்யாணமாயி ஆறு மாசத்துல போயிருச்சுங்க மாப்ள. அதுக்கப்புறம் எப்படிப் பேச ஆரம்பிக்கறதுன்னு எனக்குத் தெரியல. நாளாக ஆக வெக்கமாப் போச்சு" என்றார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிர் காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

மைசூர் திரும்பிய பிறகு இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு மாமனாரிடமிருந்து எனக்குப் போன் வருகிறது, மழை பெய்ததா, கேஸ் சிலிண்டர் வந்ததா என்று. மகளிடம் பேச வேண்டியதைக்கூட என்னிடமே சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். நடுவில் இருந்த வேலை போய்விட்டதில் ரேவதிக்கு உள்ளூர வருத்தம். எந்தக் கோயில் வாசலில் நான் குனிந்தாலும், "எந்தப் பக்கம் வெளிய விடுவாங்கன்னு கேட்டுட்டுக் கழட்டுங்க ரீ" என்று சொல்லி அதைத் தீர்த்துக்கொள்கிறாள்.

போன மாதம் மைசூரில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் மாமனாரின் பழைய டிப்போ நண்பர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினார். "இவருதான் எங்க மாப்ள. சீனாவுக்குக் கூட்டிட்டுப் போயி, எங்களைச் செருப்பில்லாம நடக்க வெச்சவரு" என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சொன்ன முதல் பாதியைக் கேட்டவன் அங்கே நான் ஒருவன்தான்.