செல்வமலர் பேசினார்

"நான் அவரைப் பேசினனான், தம்பி," என்று கவுன்சிலர் செல்வமலர் போனில் மூன்றாம் தடவையாகச் சொன்னார்.

"அதைத்தானே மேடம் நானும் எழுதியிருக்கேன்," என்றான் கிருஷ்ணமூர்த்தி.

"சமாதானம் எண்டெல்லோ போட்டிருக்கிறியள்?"

"பேசிட்டீங்கன்னா சமாதானம்தானே, மேடம்?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

கும்பகோணத்துக் கிருஷ்ணமூர்த்தி, லண்டனில் ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். சாயந்திரங்களில் இங்குள்ள தமிழர் அரசியலைப் பற்றி ஒரு வலைப்பூ எழுதிக்கொண்டிருந்தான். ரெய்னர்ஸ் லேனில் மளிகைக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக் கிருஷ்ணராசா ஒருநாள், "கடைக்கு வாற சனமெல்லாம் உங்களைத்தான் பேசுது, தம்பி," என்றார். அவ்வளவுதான், கிருஷ்ணமூர்த்தி வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பத்திரிகையாளன் ஆகிவிட்டான்.

மனைவி ராஜி தடுக்கவில்லை. தீபாவளிக்குள் எழுத்தில் வருமானம் வராவிட்டால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். நல்ல வேளையாகத் தமிழ் வானொலி ஒன்று வாரம் ஒரு அரசியல் நிகழ்ச்சி தருவதாக இருந்தது. அதற்கு முன் யாருக்கும் கிடைக்காத செய்தி ஒன்றை வெளியிட்டுக் காட்டு என்றார்கள்.

அந்தச் செய்தியும் அதே கடையில்தான் கிடைத்தது. செல்வமலரும் அவருடைய கட்சியின் உள்ளூர்த் தலைவர் விஜயரத்தினமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே மாதக்கணக்காயிற்று. "மலரக்கா நேற்று மீட்டிங்கிலை தலைவரை நல்லாப் பேசிப்போட்டா," என்றார் கிருஷ்ணராசா, முருங்கைக்காயை எடை போட்டபடி. கிருஷ்ணமூர்த்தி வீட்டுக்கு ஓடி வந்து, ‘செல்வமலர் பேசினார், சமாதானம் பிறந்தது’ என்று தலைப்புப் போட்டான்.

இப்போது செல்வமலர் போனில் கோபப்பட்டதும், செய்தி சுருங்கிவிட்டதே என்ற வருத்தமாக இருக்கும் என்று நினைத்தான். ‘ஒரு மணி நேரம் பேசினார், தலைவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டார்’ என்று தாராளமாகச் சேர்த்தான்.

உடனே விஜயரத்தினம் கூப்பிட்டார். தனக்கு நடந்த அவமானத்தை ஊருக்கே பறைசாற்றுவதா என்று கேட்டார்.

கிருஷ்ணமூர்த்தி கடைக்கு ஓடினான்.

கிருஷ்ணராசா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்கடை ஆக்களுக்குப் பேசுறது எண்டால் ஏசுறது, தம்பி. நீங்கள் பேசுறதைத்தான் நாங்கள் கதைக்கிறது எண்டுறம்."

கடையில் நின்றபடியே ‘பேசினார்’ எல்லாவற்றையும் ‘கதைத்தார்’ ஆக்கினான். இனி யாழ்ப்பாணத்தாருக்குக் குறை இருக்காது. ஆனால் தமிழ்நாட்டு வாசகர்கள் இருக்கிறார்களே! அந்தம்மா ஒரு மணி நேரம் அப்படி என்ன கதை விட்டார் என்று கும்பகோணத்திலிருந்து அவனுடைய சித்தப்பாவே முதல் ஆளாகக் கேட்டார். அதை நாலு பேர் பகிர்ந்தார்கள். ‘செல்வமலர் ஒரு பொய்க்காரி’ என்று ஒரு மீம் கூட வந்துவிட்டது.

மாதக்கணக்காக எதிலும் ஒத்துப்போகாத செல்வமலரும் விஜயரத்தினமும் அன்று சேர்ந்தே வானொலிக்குப் புகார் சொன்னார்கள். சமாதானம் உண்மையிலேயே பிறந்துவிட்டது. நிகழ்ச்சி ரதீசன் என்ற வேறொருவருக்குப் போய்விட்டது.

ராஜியிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது கிருஷ்ணமூர்த்திக்கு அழுகையே வந்தது.

"பேரே போச்சு, அண்ணே. இனிமே உங்க கடைக்கு வர்றவங்க எல்லாரும் என்னைத் திட்டப்போறாங்க."

கிருஷ்ணராசா ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து அவன் பையில் அன்போடு வைத்தார்.

"இதிலை புதுசா என்ன, தம்பி? சனமெல்லாம் உங்களைத்தான் பேசுது எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்தானே."