ஹிஸ்புல்லாவின் பெயரில் விழுந்த கோடு

பாலையூற்று,
திருகோணமலை.

அன்பு மருமகன் இராகுலனுக்கு,

மாமா தம்பிராசா எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியும் பிறசர் குளிசையின் புண்ணியத்தில் சுகம். மெல்பேர்ணில் நீங்களும் மகள் ஜெயரூபியும் அந்தக் குளிசை இல்லாமலே சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறோம். இதைப் பேனையால் எழுதுகிறேன். கணினியில் எழுதினால் இடையில் யார் கை வைப்பார்கள் என்று சொல்ல முடியாதல்லவா?

சென்ற முறை வந்தபோது உங்கள் பழைய மடிக்கணினியை எனக்குத் தந்து, அதில் வெறும் எழுத்தை மட்டும் காட்டும் ஒரு எடிட்டரையும் போட்டு, "மாமா, நீங்கள் சங்கத்துச் செய்தியை எழுதுங்கோ, விசையை அமத்தினால் அதுவே எச்.ரி.எம்.எல் ஆக்கி வெப் பக்கமாத் தரும்" என்றீர்கள். துறைமுகத்தில் கப்பல் வரவு எழுதியே ஓய்வுபெற்றவன், ஓய்வூதியர் சங்கச் செயலாளர் வேறு, எழுதாமல் விடுவேனா? எழுதினேன். வந்த பக்கத்தில் நான் போடாத உள்ளடக்கம் மேலே நிற்கிறது, நான் இடாத இலக்கங்கள் தலைப்புகளுக்கு முன்னால் நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் கீழே ஆக்கியோன் என்ற இடத்தில் உங்கள் பெயர் நிற்கிறது. பெண் கொடுத்த இடம் என்று பொறுத்தேன். ஆனாலும் நீங்கள் அங்கிருந்தே திருத்துகிறீர்களோ என்று பிடிப்பதற்காக, அடுத்த செய்தியில் வேண்டுமென்றே எழுத்துப்பிழைகள் விட்டேன். ஒன்றுகூடத் திருத்தப்படவில்லை. அங்கேதான் என் சந்தேகம் உறுதியானது. ஒன்றுமே தெரியாதவர் போல் இவ்வளவு கவனமாக இருக்கச் சாதாரண ஆளால் ஏலுமா?

பிறகு நடந்ததைக் கேளுங்கள். சங்கத்துக்குப் புதுத் தலைவராகக் கிண்ணியா ஹிஸ்புல்லா தெரிவானார். துறைமுகத்தில் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவர், இன்றும் பாலம் தாண்டி வரும்போதெல்லாம் தயிர்ச்சட்டியோடு வருபவர். அவருக்கு மரியாதையாக இருக்கட்டுமென்று, பந்தலுக்கு வாழை கட்டுவது போல, பெயரின் இரு பக்கமும் கூட்டல் குறி வைத்தேன். விசையை அமத்திச் சங்கத்துப் பக்கத்தில் ஏற்றினேன். ஹிஸ்புல்லாவின் பெயருக்குக் குறுக்கே நேராக ஒரு கோடு! நான் காண முதல் ஊர் கண்டுவிட்டது. மூதூரிலிருந்து ஒருவர் போன் எடுத்து, "ஜனாஸா அடக்கம் எத்தின மணிக்கு?" என்று விக்கி விக்கி அழுகிறார். இன்னொருவர், "தலைவரைத் தூக்கியாச்சோ? அடுத்தது ஆர்?" என்று சந்தோசமாகக் கேட்கிறார். ஹிஸ்புல்லா மட்டும் எடுக்கவில்லை. நான் எடுத்தால் துண்டிக்கிறார். தயிரும் நின்றது. "அந்த மனிசனுக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று உங்கள் மாமி புஸ்பராணி கேட்டா. உங்களைச் சொன்னேன். அவ நம்பவில்லை. நீங்களும் அவவும் கூட்டோ என்றும் யோசித்தேன்.

கடைசியில் ஹிஸ்புல்லாவின் மகள் ஹுஸ்னியா வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிப்பவள். வாசலிலேயே நின்று, "வாப்பா ஒழுங்காச் சாப்பிடுறாரில்ல மாமா. அவர ஏன் வெட்டினீங்க?" என்றாள். கணினியைக் காட்டினேன். பார்த்தவள் கதிரையில் இருந்துவிட்டாள். "ரெண்டு பக்கமும் கூட்டல் போட்டா நடுவில உள்ளத வெட்டு எண்டுதான் இதுக்கு அர்த்தம். ஆரும் கைவெக்கல்ல."

"அப்ப மருமகன்ர பேர்?"

"இது அவர்ட பழைய கணினிதானே மாமா? சொந்தக்காரன் அவரெண்டே இன்னும் நினைச்சிட்டிருக்கு."

கோப்பின் தலைமாட்டில் சில வரிகள் எழுதினாள்: உள்ளடக்கம் வேண்டாம், இலக்கம் வேண்டாம், ஆக்கியோன் தம்பிராசா. விசையை அமத்தினாள். பக்கம் சொன்னபடி கேட்டது. விளக்கம் இவ்வளவு இலகுவாக இருந்தால் அதற்குள்ளும் ஏதோ இருக்கும் என்று எனக்குப் பட்டது.

அவள் போனதும் ஹிஸ்புல்லாவிடம் மன்னிப்புக் கேட்டு உருக்கமாக எழுதினேன். இளசுகள் முகநூலில் செய்வதைப் போல, அழுத்தத்துக்காக ஒவ்வொரு வரிக்கும் முன்னால் # குறி வைத்தேன். விசையை அமத்திச் சங்கத்துப் பக்கத்திலும் ஏற்றிவிட்டேன். பிறகு பார்த்தால், மேலே "எங்கள் தலைவர் ஹிஸ்புல்லா அவர்களுக்கு" என்று தலைப்பு. கீழே "தம்பிராசா." நடுவில் வெள்ளை! எடிட்டரில் எல்லா வரியும் இருக்கிறது, பக்கத்தில் ஒன்றுமில்லை. # வைத்த வரிகளை மட்டும் பொறுக்கி ஒளித்த கை யாருடையது தம்பி? இதற்காவது நேராகப் பதில் சொல்லுங்கள். அந்த வரிகளை வெளியே எடுத்துத் தாருங்கள். அதன் பிறகு இந்த எடிட்டரை அடியோடு கழற்ற வழி சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மகளிடம் கதைப்பேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். ஜெயரூபிக்கு மாமி முத்தம் அனுப்புகிறா. உங்கள் இருவருக்கும் என் ஆசி, என் சந்தேகங்கள் நீங்கலாக.

இப்படிக்கு,
மாமா தம்பிராசா

பின்குறிப்பு: கடித உறையை ஒட்ட முதல் ஹிஸ்புல்லா தயிர்ச்சட்டியோடு வந்துவிட்டார். வந்தவர் என் கையைப் பிடித்து, "தலைப்பு இருக்கு, கீழ உங்கட பேர் இருக்கு, நடுவில ஒரு சொல்லில்ல. வெக்கத்தில சொல்ல ஏலாமப் போச்சு எண்டு விளங்கிட்டு. இத்தின வருசத்தில நீங்க வாயப் பொத்தினது இதுதான் முதல் தரம்" என்று கண் கலங்கினார். நானும் கலங்கினேன். ஆகையால் மேலே எழுதியது ஒன்றையும் மனதில் வைக்க வேண்டாம். எடிட்டர் இருக்கட்டும். மறைந்த வரிகள் மறைந்தபடியே இருக்கட்டும். அவற்றில் குற்றம் முழுவதையும் உங்கள் தலையில்தான் போட்டிருந்தேன்.