நேசக்குமார் மூன்று தார்ப்பாய் கட்டிய படலம்

முத்துக் கடல் ஒருபுறமும் வெள்ளை உப்பளம் மறுபுறமும் காவல் காக்கும் தூத்துக்குடித் திருநகரில், ஹார்பர் சரக்கு முற்றங்களின் தனிப்பெருங்காவலன், தார்ப்பாய் வேந்தன், நைலான் கயிற்றில் நானூறு முடிச்சுக் கண்டவன், பதினோரு மழைக்காலங்களில் ஒரு மூட்டை உரத்தையும் ஈரத்துக்குப் பறிகொடுக்காதவன், ஜெயஷீலாவின் ஆருயிர்க் கணவன் நேசக்குமாரின் போர்ச்சிறப்பை உரைக்கப் புகுகிறோம். மின்சாரத் தாயே, மே மாதத்தில் உன் மனம் போகும் போக்கை நாங்கள் அறிவோம். இக்கதை முடியும் மட்டுமாவது போய்விடாதே.

அவ்வீரனின் பகைவன் யாரெனில், உப்புக்காற்று. வாளில்லை, தேரில்லை, வரும்போது கதவைத் தட்டும் நாகரிகமும் இல்லை. மாப்பிள்ளையூரணியில் அவன் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில், நான்கே கோடை கண்ட முதல் ஏ.சி.யின் வெளிப்பெட்டியை அப்பகைவன் தின்று தீர்த்தான். கால்கள் துருவேறி உதிர்ந்தன. செம்புக்குழாய் பச்சை பூத்தது. முதுகிலிருந்த மெல்லிய தகடுகள், விரல் பட்டதும் பொரித்த அப்பளம் போல் நொறுங்கின. அந்த உடலைப் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏற்றிய அன்றே நேசக்குமார் சூளுரைத்தான்: இனி வரும் பெட்டியின் மேல் ஒரு மணி உப்பும் படாது.

ஆகவே, இரண்டாவது ஏ.சி.யின் வெளிப்பெட்டிக் காலில் மிளகளவு துருவைக் கண்ட திங்கட்கிழமை மாலை, ஹார்பரில் கழித்துப்போட்ட நீலத் தார்ப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, அப்பெட்டியைத் தலை முதல் கால் வரை போர்த்தி, மடிப்பை மடிப்புக்குள் செருகி, கயிற்றைக் குறுக்கே எட்டும் நெடுக்கே ஆறுமாக இழுத்து, புயலே வந்து கெஞ்சினாலும் அவிழாத முடிச்சுகளைப் போட்டு நிமிர்ந்தான். பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த ஜேசுபாதம் அண்ணாச்சி சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பல்ல ஏத்தப் போறியளா தம்பி?"

வீரர்கள் இத்தகைய கேள்விகளுக்கு விடை தருவதில்லை.

கீழே படுக்கையறையில் ஜெயஷீலா எட்டு மாதக் கர்ப்பத்தோடு, வீங்கிய பாதங்களைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதே அவர்கள் குடும்ப வழக்கம். ஆனால் கல்யாணமாகி ஆறு வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை. அது வயிற்றில் உதைப்பதைக்கூட வாரத்துக்கு ஒருநாள் பஸ் ஏறிப் போய்த்தான் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பையே நேசக்குமாரால் தாங்க முடியவில்லை. அவளாலும் முடியவில்லை. ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறது, டாக்டரம்மா பழக்கமானவர் என்றெல்லாம் சொல்லிக் கெஞ்சியதில், நாசரேத்தில் முப்பத்துமூன்று வருடம் கணக்கு டீச்சராய் இருந்து ஓய்வு பெற்ற அவள் தாய் ஜெபசெல்வி ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். புதன்கிழமை அலைபேசியில் அவர் பிறப்பித்த ஆணை இதுதான்:

"ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சதும் காரோட வாரேன் மாப்பிள. அறை குளுகுளுன்னு இருந்தா அவ அங்கன இருக்கட்டும். இல்லன்னா பெட்டிய எடுத்து வையிங்க."

ஆணை பிறந்த வேளையில் ஏ.சி. ஏற்கெனவே நோயில் விழுந்திருந்தது. செவ்வாய்க்கிழமை முதலே பதினைந்து நிமிடம் குளிரும், பிறகு மாடியில் 'டக்' என்று ஒரு ஒலி கேட்கும், அதன்பின் வெறும் காற்று வீசும். கால்மணி நேரம் கழித்து உயிர் பெற்று மறுபடி மாளும். இதைக் கண்ட நேசக்குமார், உப்பு எங்கோ உள்ளே புகுந்துவிட்டது, நல்லவேளை தார்ப்பாய் கட்டினோம் என்று நெஞ்சாரத் தன்னை வாழ்த்தி, இரண்டாவது தார்ப்பாயைக் கட்டினான்.

வியாழக்கிழமை பெருமுழக்கத்தோடு போர் மூண்டது. முதலில் ரிமோட்டை வளைத்தான். புது பேட்டரி இட்டான், பனிப்பூ அடையாளம் தெரியும்வரை பொத்தானை அழுத்தினான், இருபத்துநான்கிலிருந்து பதினாறுக்கு எண்களைத் துரத்தியடித்தான். எண் குளிர்ந்தது, அறை குளிரவில்லை. அடுத்து உட்பெட்டியின் வாயைப் பிளந்து வடிகட்டிகளைப் பறித்தான். ஆறு மாதத் தூசி அவற்றில் கம்பளியாய்ப் படிந்திருந்தது. குழாயடியில் கழுவி நிழலில் உலர்த்தி மாட்டினான். காற்று பலமாக வீசியது. ஆயினும் அது வெதுவெதுப்பான காற்று. வெள்ளிக்கிழமை உட்பெட்டியிலிருந்து ஜெயஷீலாவின் காலடியில் நீர் சொட்டத் தொடங்கவே, வடிகுழாயின் மறுமுனையை வாயில் வைத்து, போர்ச்சங்கு முழக்குபவன்போல் கன்னம் புடைக்க ஊதினான். உள்ளே அடைத்திருந்த பாசி முன்னேறவில்லை, பின்னோக்கி வந்தது. நான்கு தடவை வாய் கொப்பளித்துவிட்டு, ஈர்க்குச்சியால் மிச்சத்தைத் தோண்டி எடுத்தான். சொட்டு நின்றது. வெப்பம் நிற்கவில்லை. ஸ்டெபிலைசரில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்தான். அது பச்சையாகவே எரிந்து அவனை அவமதித்தது.

சனிக்கிழமை மாடியிலிருந்து, பாரமேற்றிய லாரி பாலம் ஏறுவதுபோல் ஒரு முனகல் கேட்டது. நேசக்குமார் மூன்றாவது தார்ப்பாயோடு படியேறினான். ஜெயஷீலா கட்டிலிலிருந்தே கூப்பிட்டாள்.

"அத்தான், அதுக்கு மூச்சு முட்டாதா?"

"ஏளா, அது என்ன பிள்ளத்தாச்சியா, மூச்சு முட்டுறதுக்கு?"

"எனக்கு ஒரு போர்வைக்கே அவிச்சலா இருக்கு. அதுக்கு நீங்க மூணு போத்துதிய."

அப்போது படியில் நின்ற வீரன் திரும்பி, தெருவே கேட்கும்படி முழங்கினான்: "பதினோரு வருசமா ஹார்பர்ல சரக்கு மூடுதேன். நான் கட்டுன கட்டுல கத்தி வைக்க இன்னும் ஒருத்தன் பொறக்கல."

ஞாயிறு புலர்ந்தது. ஆராதனைக்கும் போகாமல் உட்பெட்டியின் கீழ் நின்றிருந்தவனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஜெயஷீலா எழுந்து அலமாரியைத் திறந்தாள். இரண்டு நைட்டியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மூன்றாவதை மடித்தவள், வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தனியாளாய் மூன்று லாரி மூட்டைகளை எண்ணி இறக்கியவன் அதைக் கண்டதும் அலைபேசியைத் தேடி எடுத்தான். மானத்தைக் காலடியில் போட்டுவிட்டு, ஏ.சி. மெக்கானிக் ரோச்சை அழைத்தான்.

ரோச் ஒரு ஞானஸ்நான விருந்தில் இருந்தான். பின்னால் தட்டுகள் மோதும் ஓசை கேட்டது.

"இன்னைக்கு வர முடியாதுண்ணே, செவ்வாக்கிழமதான். வெளி யூனிட்டப் பாத்தியளா? சூடாக் காத்து தள்ளுதா?"

"காத்தா? ஊசிமுனை அளவு காத்து போகாது தம்பி. மூணு தார்ப்பாய். நானே கட்டுனது."

ரோச் வாயிலிருந்ததை அவசரமாய் விழுங்கினான்.

"அண்ணே, மொதல்ல மெயின அமத்துங்க. அம்புட்டையும் அவுத்துருங்க. அரை மணி நேரம் ஆற விட்டுப் போடுங்க. உங்க ரூம்ல இருக்க சூட்ட அதுதான வெளிய தள்ளணும். நீங்க அதோட வாயையும் மூக்கையும் சேத்துக் கட்டிப்போட்டிருக்கிய."

"அப்ப உப்பு?"

"மாசம் ஒருக்க ஆஃப் பண்ணிட்டு நல்ல தண்ணிய லேசா அடிச்சு விடுங்க. போர் தண்ணி ஆகாது, அதுவும் உப்புதான். வைக்கட்டுமா, பிரியாணி ஆறுது."

மெயினை அணைத்துவிட்டு நேசக்குமார் மாடிக்குப் பாய்ந்தான். அந்நேரம் ஜெயஷீலாவின் அலைபேசி ஒலித்தது. மாமியாரின் கார் சாயர்புரத்தைத் தாண்டிவிட்டது. உச்சி வெயில் தலையில் இறங்க, தன் கையாலேயே பெற்று வளர்த்த முடிச்சுகளோடு அவன் மல்லுக்கு நின்றான். நகம் உடைந்தது, பல் கூசியது, ஒரு முடிச்சும் இரங்கவில்லை. அவன் கட்டை அவிழ்க்க முடியாதவர்களின் பட்டியலில் இப்போது அவனும் இருந்தான். சிறுமதில் ஓரத்தில் ஜேசுபாதம் அண்ணாச்சி மறுபடி தோன்றினார்.

"கப்பல் வந்துட்டோ?"

படியேறக் கூடாதென்று டாக்டரம்மா தடுத்திருந்த ஜெயஷீலா, கடைசிப் படி வரைக்கும் வராமல் பாதிப் படியில் நின்று, மீன் வெட்டும் கத்தியை நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நேற்றைய முழக்கத்தைப் பற்றி அவள் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்த ஒரு கருணைக்காகவே அவள் புகழ் நீடூழி வாழ்க.

குறுக்கே எட்டும் நெடுக்கே ஆறுமாகக் கயிறுகள் வெட்டுண்டு வீழ்ந்தன. மும்மடிக் கவசம் சரிந்தது. ஆறு நாள் அடைபட்ட வெப்பம், சிறைமீண்ட படைபோல் எழுந்து அவன் முகத்தில் அறைந்தது. உள்ளே பெட்டி, ஒரு மணி உப்பும் படாமல், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

அரை மணி ஆனது. சுவிட்சைப் போட்டான். மாடியில் விசிறி சுழன்றது. வாசலில் கார் நின்றது. ஜெபசெல்வி டீச்சர் படுக்கையறைக்குள் நுழைந்து, விடைத்தாள் திருத்தும் முகத்தோடு அறையின் நடுவே நின்று கண்ணை மூடினார். ஏ.சி. பதினைந்தாம் நிமிடத்தைக் கடந்தது. இருபதைக் கடந்தது. முப்பதாம் நிமிடத்தில் டீச்சர் சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டார்.

"பரவால்ல மாப்பிள. இவ இங்கனயே இருக்கட்டும்."

ஜெயஷீலா பெட்டியிலிருந்த நைட்டிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள். நேசக்குமாரின் மார்பு கடலெனப் பொங்கியது. வானோர் பூ மாரி பொழியவேண்டிய அக்கணத்தில், டீச்சர் கார்க்காரரை நாசரேத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டு, மகள் பக்கத்தில், சுவரோரம் இருந்த அவன் இடத்தில், கால் நீட்டிப் படுத்தார்.

"நானும் பிள்ள பொறந்து மூணு மாசம் முடியுற மட்டும் இங்கனயே இருந்துக்கிடுதேன். நாசரேத்துல என்னா வெக்க."

வாசற்படியில் நின்ற வெற்றிவேந்தனை ஜெயஷீலா பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கதவச் சாத்துங்க அத்தான், குளிர் வெளிய போவுது."

நேசக்குமார் கதவைச் சாத்திவிட்டு ஹாலில் ஃபேனைப் போட்டான்.