தாம்பூலத் தட்டில் ஒரு ஃபுட்பால் மேட்ச்

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளைக்கு வாய் எதற்கு? வெற்றிலை போட மட்டும்தான். இந்த உண்மை எனக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரிந்தது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்தில் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரர்களை வைத்திருந்த அணிகள் இரண்டே இரண்டு. ராமநாதபுரம் அணிக்குக் கோச்சு முத்தையா. மண்டபம் அணிக்குச் சேதுராமு. முத்தையாவின் மகள் பஞ்சவர்ணத்தைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். சேதுராமு அவளுக்குத் தாய்மாமன். (மாமனாரும் தாய்மாமனும் எதிரெதிர் அணி. என் தலையெழுத்தைப் பார்த்தீர்களா!) தாய்மாமன் கை வைக்காமல் எங்கள் பக்கம் தட்டு மாறாது. எனக்கோ அவளை ஒரு தரம் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

முதுகுளத்தூரிலிருந்து பஸ் பிடித்துப் பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். "ராகு காலத்துக்கு முந்தி மாத்திருவோம்" என்று எங்கள் அய்யா அவசரப்படுத்தினார். தட்டில் கை வைக்கப் போன சேதுராமு, அப்படியே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"மாப்ளே, நீங்க ரெண்டு டீம் ஆட்டத்தையும் விடாம பாக்குற ஆளாம்ல? மனசுல உள்ளதச் சொல்லுங்க. எங்க ரெண்டு பேர்ல எவன் நல்ல கோச்சு?"

"சொல்லட்டும், சொல்லட்டும்" என்றார் மாமனார், மீசையைத் தடவிக்கொண்டே.

'ரெண்டு பேரும் ரெண்டு கண்ணு' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அய்யாகூட என் தொடையைக் கிள்ளினார். ஆனால் ஃபுட்பால் என்று காதில் விழுந்தால் எனக்குச் சாமி வந்துவிடுமே! தட்டை என் பக்கம் இழுத்தேன். தேங்காய் இரண்டும் கோல் போஸ்ட். வாழைப்பழம் தடுக்கிற பேக், பாக்கு கோல் போடுகிற ஃபார்வர்ட், எலுமிச்சம்பழம் பந்து.

"மாமா, உங்க ஆளுக பாஸ் குடுக்குற அழகே அழகு! ஆனா குடுத்துக் குடுத்து, கோல் போடணுங்கிறதையே மறந்துர்றாங்க." சேதுராமு பக்கம் திரும்பினேன். "உங்க ஆளுக கடல் மணல்ல ஓடிப் பழகுன குதிரைக. கோலுக்குள்ள போயிர்றாங்க, பந்துதான் பின்னால தங்கிப்போகுது. எப்படி அடிக்கணும்னா, இங்கன பாருங்க..."

எழுந்து ஒரே எத்து. எலுமிச்சம்பழம் பறந்துபோய்க் குத்துவிளக்கில் விழ, விளக்கு பொசுக்கென்று அணைந்தது.

"அய்யய்யோ, அபசகுனம்!" என்று பெண்கள் அலறினார்கள். கோச்சுகள் இருவருக்கும் விளக்கு அணைந்ததே தெரியவில்லை.

"என் பேக்கு அங்கன நிக்க மாட்டான்யா!" என்று மாமனார் வாழைப்பழத்தை நகர்த்தினார்.

"நின்னாலும் என் பய விட்ருவானா?" என்று சேதுராமு பாக்கை உருட்டினார்.

அந்த ஆட்டம் முடிவதற்குள் ராகு காலம் வந்தே விட்டது. சேதுராமு துண்டை உதறித் தோளில் போட்டார். "பதில் வராம நான் தட்டத் தொட மாட்டேன்."

"எந்திரிலே, ஊருக்குப் போவோம்" என்றார் அய்யா. பஞ்சவர்ணம் போச்சே!

அப்போது அவளே உள்ளேயிருந்து வந்தாள். விளக்கை ஏற்றினாள். தன் அப்பாவையும் மாமனையும் பார்த்துச் சொன்னாள்:

"உங்க ஆட்டக்காரங்க சொன்னாக் கேக்குறவங்க. அவங்கள வச்சுப் பேரு வாங்குறது பெரிசா? இந்தா நிக்கிறாரே, கண்ணு மண்ணு தெரியாம எத்துறவரு, இவர எங்கிட்ட விடுங்க. ஒரே வருஷத்துல ஒழுங்கா ஆட வைக்கிறேன். அப்பப் பாப்போம், யாரு நல்ல கோச்சுன்னு!"

முதலில் சிரித்தது சேதுராமுதான். ராகு காலம் கழிந்ததும் அவர் கையாலேயே தட்டு மாறியது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவளுக்குப் பேர் கோச்சுதான். "தாத்தா, கோச்சு கூப்புடுது!" என்று பேத்தி கத்தினால் மறுபேச்சில்லாமல் எழுந்து போகிறேன். ஒரு வருஷம் என்றுதான் சொன்னாள். பயிற்சி இன்னும் முடிந்தபாடில்லை.