பளிங்கண்ணனின் மூட்டை

ஒரு கல்லை நாக்கால் தொட்டே அது எந்த ஊர்க் கல் என்று சொல்லக்கூடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் விருத்தாசலத்தில், எங்கள் செராமிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மறுக்க நினைப்பவர்கள் முதலில் ஒரு கல்லை நக்கிவிட்டு வந்து பேசவும்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. எல்லோருக்கும் அவர் பளிங்கண்ணன். வேலை, கல் அரைக்கும் மில் ஓட்டுவது. பெரிய இரும்பு உருளைக்குள் வெள்ளைக் கல், களிமண், தண்ணீர் போட்டுச் சுற்றவிட்டால், டீ கப்புக்கு மேல் பூசுகிற வெள்ளைக் கரைசல் கிடைக்கும். அதில் நிறமுள்ள கல் விழுந்தால் வெள்ளை கெட்டது. ஆகவே லாரியில் வரும் கல்லில் நிறம் தட்டுவதைப் பொறுக்கி எறிவதும் அவர் பொறுப்பு. பொறுக்குவதைப் பிசகில்லாமல் செய்தார். எறிவதைத்தான் செய்யவில்லை.

கரூர்ப் பக்கத்துக் கத்தரிப்பூ நிறக் கல், கிளிப்பச்சைக் கல், யாரோ உட்கார்ந்து பட்டை தீட்டியது போல ஆறு முகம் வைத்த கல் எல்லாம் காலி டிபன் பாக்ஸில் ஏறி அவர் வீட்டுக்குப் போய்விடும்.

"எதுக்குண்ணா நக்குறீங்க?" என்று கேட்டேன்.

"நனைஞ்சாத்தான் சார் கல்லு நெசமான நெறத்தக் காட்டும்."

"தண்ணியில நனைக்கலாமே?"

"தண்ணிக்கு எங்க சார் ருசி தெரியும்?"

அண்ணிக்கு இதில் தீராத மனக்குறை. "நான் வெக்கிற கொழம்ப ஒரு நாளாவது இப்படி நாக்குல வெச்சி யோசிச்சிருப்பாரா இந்த மனுசன்?" என்று என்னிடமே நியாயம் கேட்டார். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மங்கலம்பேட்டை நண்பர் ஒருவர் துபாயிலிருந்து ஊருக்கு வருமுன் போன் போட்டு, என்ன வேண்டும் என்று கேட்டார். மற்றவர்கள் சென்ட் கேட்பார்கள், தைலம் கேட்பார்கள். நம்மவர், "பாலைவனத்துல ரோசாப்பூ மாதிரி ஒரு கல்லு கெடைக்குதாமே பாய், யூடியூப்ல பாத்தேன்" என்றார். ஏர்போர்ட்டில் பையைப் பிரித்த அதிகாரி, "என்னங்க இது?" என்றாராம். "கல்லுங்க." "கல்லுன்னா?" "கல்லுதாங்க." அரை மணி நேரம் இதே உரையாடல். கல்லை அண்ணன் கையில் கொடுத்த நண்பர் கும்பிட்டுச் சொன்னார்: "அடுத்த தடவ தங்கம் கேளுங்கண்ணா. கொண்டாறது சுலபம்."

இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. "வூட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்தக் கல்லு இருக்கணும்" என்று அண்ணி முடிவாகச் சொல்லிவிட்டார். ஆயுசெல்லாம் சேர்த்ததை அண்ணன் ஒரே சாக்கில் கட்டி, கம்பெனிக்குக் கொண்டுவந்து மில்லுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டு நாளு இருக்கட்டும் சார். கொஞ்சம் பாத்துக்கங்க."

சூப்பர்வைசரான நான் போனைப் பார்த்தபடியே தலையாட்டினேன்.

மறுநாள் அவர் லீவு. மில்லுக்குப் புது ஆள். அவசர ஆர்டர் ஒன்று என் கழுத்தில் உட்கார்ந்திருந்தது. புது ஆள் வந்து, "சார், ஒரு மூட்ட கல்லு கொறையுது. ஓரமா ஒண்ணு இருக்குது, ஆனா ஒரு தினுசா கலரா இருக்குதுங்க" என்றார். பாதிதான் என் காதில் விழுந்தது.

"கல்லுன்னா கல்லுதான், கொட்டுப்பா!"

பகல் முழுக்க மில் கடகடவென்று ஓடியது.

லீவு முடிந்து வந்த பளிங்கண்ணன் காலிச் சாக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் தொட்டிக்குப் போய், கரைசலில் விரலை விட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"கரூரு கல்லு தெரியுது சார். துபாய் கல்லும் இருக்குது."

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

அரைத்ததைக் கொட்ட மனமில்லாத முதலாளி அதையே பூசச் சொன்னார். சூளையிலிருந்து வந்த கப்புகள் இளம்பச்சையாக இருந்தன, மேலெல்லாம் பழுப்புப் பொட்டுகள். ஆர்டர் அப்படியே திரும்பி வந்தது. "எவன்யா அந்த மூட்டையக் கொட்டுனது?" என்று முதலாளி கத்தினார். நான் திரும்பி வந்த கப்புகளை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டேன். பளிங்கண்ணன் முன்னால் வந்தார்.

"என் மூட்டைங்க. நான்தான் மில்லாண்ட வெச்சேன். தப்பு என்னுதுங்க."

ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று முதலாளி அவரை அனுப்பிவிட்டார். மறுநாள் நான் போய் உண்மையைச் சொன்னேன். வீரம் எனக்கு எப்போதும் ஒரு நாள் தாமதமாகத்தான் வரும். எனக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது, ஆனால் அண்ணன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பியதும் அவர் கேட்டது அந்தக் கழிவுக் கப்புகளைத்தான். தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். முதல் கப்பு எனக்கு.

"மூட்டையில இருந்தப்ப நான் ஒருத்தன்தான் பாத்துக்கிட்டிருந்தேன் சார். இப்ப எங்கூட்டுலயே அதுலதான் டீ குடிக்கிறாங்க" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

நானும் தினமும் அந்தக் கப்பில்தான் குடிக்கிறேன். அந்த மனுஷர் என்னை ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம்.